திருகோணமலைக்கு வேலைக்கு வருகிறீர்களா? முதலில் ஒரு சிம் வாங்குங்கள்

விசா, கம்பெனிக் கடிதமெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். நீங்கள் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி டயலாக்கோ மொபிடெலோ ஒரு சிம் வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை. ஊரில் எந்த டீக்கடை வைஃபையிலும் ஒட்டிக்கொள்கிற புத்தி, கடல் தாண்டியும் கூடவே வந்தது.

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கினேன். அதன் பெயரிலேயே ஒரு வைஃபை தெரிந்தது. சேர்ந்ததும், "இந்த ஃபைலை இறக்கி செட்டிங்ஸில் சேர்த்தால்தான் நெட் வரும்" என்று ஒரு பக்கம் வந்தது. ஃபோன் எச்சரித்தது, நாம்தான் ஓகே ஓகே என்று தட்டியே பழகிய ஆட்கள் ஆயிற்றே, சேர்த்துவிட்டேன். அது ஒரு ரூட் சர்டிஃபிகேட்.

எதிரில் இருப்பது பேங்க்தானா என்று ஃபோன் சர்டிஃபிகேட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அதில் யார் யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்ற பட்டியல் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு திருடனை என் கையாலேயே சேர்த்திருக்கிறேன். அப்புறம் அவன் நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் பேங்க் மாதிரியும் பேங்கிடம் என்னை மாதிரியும் பேசினான். குரோம் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

ஆனால் பேங்க் ஆப் மட்டும் அந்த வைஃபையில் திறக்கவே மாட்டேன் என்றது. ஆண்ட்ராய்டு 7 முதல், நாமாகச் சேர்க்கும் சர்டிஃபிகேட்டை ஆப்கள் சாதாரணமாக நம்புவதில்லை, குரோம் நம்பும். எனக்கு அது அப்போது தெரியாது. சரி சனியன் என்று குரோமில் போய் பாஸ்வேர்டு, ரோமிங்கில் வந்த ஓடிபி எல்லாவற்றையும் அடித்தேன். 38,000 இந்திய ரூபாய் போயிற்று. ஊரிலிருந்து தம்பி சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தான், இன்றுவரை ஒரு பைசா திரும்பவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்த ஞாயிறு கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கோட்டைக்குள் மேய்கிற மான்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதே செட்டிங்ஸில் சர்டிஃபிகேட் என்று தேடி, 'யூசர்' பகுதியைப் பாருங்கள். சொந்த ஃபோனில் அது காலியாக இருக்க வேண்டும். கம்பெனி ஃபோன் என்றால் ஐடி ஆளிடம் கேளுங்கள். பிரவுசர் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றால் பின்வாங்குங்கள், 'தொடர்க' பட்டன் நமக்கானதல்ல. பணக் காரியம் எல்லாம் சிம் டேட்டாவில்தான்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளியிடம் சண்டைக்குப் போனேன். மனுஷர் நிதானமாகக் கேட்டார்: "எங்கட வைஃபை பாஸ்வேர்ட் கேக்குமே தம்பி, உங்களிட்ட கேக்கல்லையா?"

கேட்கவே இல்லை.