மாடி டேங்க் தண்ணீருக்கு எந்தத் துணி ஹோஸ் சரிப்படும்? வாங்குவதிலிருந்து சுருட்டி வைப்பது வரை

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் 20 தொட்டிகள், பக்கத்துச் சந்தில் ஒரு கறிவேப்பிலை, மதிலோரம் காகிதப்பூ. வாசல் குழாயிலிருந்து கடைசித் தொட்டிக்கு 18 அடி தூரம். இதற்கு ரொம்ப நாள் பச்சை பிளாஸ்டிக் ஹோஸைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அது வெயிலில் விறைத்துப்போகும், மடங்கின இடத்தில் தண்ணீர் நின்றுவிடும், சுருட்டி மூலையில் வைப்பதற்குள் கை வலித்துவிடும். துணி ஹோஸுக்கு மாறியதும் அந்தப் பாடு போயிற்று. ஆனால் முதலில் வாங்கிய துணி ஹோஸ் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை, இரண்டாவதுதான் பொருந்தியது. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு கோடைக்காலம் ஆயிற்று. புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

துணி ஹோஸில் இரண்டு வகை

கடையில் இரண்டையும் ‘துணி ஹோஸ்’ என்றே தருவார்கள். வேலை செய்யும் விதம் வேறு.

ஒன்று நீளும் ஹோஸ். ‘மேஜிக் ஹோஸ்’ என்றும் சொல்வார்கள். உள்ளே ரப்பர் போல இழுபடும் டியூப், வெளியே அதைவிடப் பல மடங்கு நீளமான பாலியெஸ்டர் உறை. தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே போனால் டியூப் பருத்து நீளும். உறை விறைப்பாகும் வரை நீண்டு அங்கே நிற்கும். தண்ணீரை வடித்தால் சுருங்கிக் கைக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று நீளாத ஹோஸ். மெல்லிய டியூபின் மேல் நெய்த உறை ஒட்டினாற்போல இருக்கும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நீளம்.

கடையில் பார்த்தவுடனே அடையாளம் தெரியும். துணி, சுருக்குப்பை வாய் போலக் கொசுவிக் கொசுவி இருந்தால் நீளும் வகை. வழவழவென்று ஒட்டியிருந்தால் நீளாத வகை.

ஹோஸைப் பார்க்கும் முன் டேங்கைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

நீளும் ஹோஸுக்கு மைக்கேல் பெரார்டி என்ற அமெரிக்கர் 2012-ல் காப்புரிமை வாங்கினார். அங்கே தெருக் குழாயிலிருந்து நேராக வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது. வீட்டுக் குழாயில் 3 பார், 4 பார் அழுத்தம் சாதாரணம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அந்த அழுத்தத்துக்குத்தான் இந்த ஹோஸ் உருவானது. 2, 3 பாராவது கிடைத்தால்தான் அது மூன்று மடங்கு நீளும்.

நம் வீடுகளில் நிலைமை வேறு. எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நாளில் சம்பில் பிடித்து, மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றுகிறோம். சேலத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். அப்படியானால் வாசல் குழாயில் வருகிற ஃபோர்ஸ், டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான். கணக்கு சுலபம்: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். டேங்கின் தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய் வரை எத்தனை மீட்டர் என்று பாருங்கள், பத்தால் வகுங்கள். எங்களுடையது ஒரு மாடி வீடு. டேங்க் மேடையையும் சேர்த்து 7 மீட்டர். ஆக 0.7 பார். டேங்க் பாதி காலியானால் அதுவும் குறையும்.

நான் முதலில் வாங்கியது அட்டையில் 50 அடி என்று போட்டிருந்த நீளும் ஹோஸ். அந்த 50 அடி என்பது முழு அழுத்தத்தில் நீண்ட பிறகு வரும் அளவு, சும்மா கிடக்கும்போது அது 17 அடிதான். எங்கள் 0.7 பாரில் 22 அடியைத் தாண்டவில்லை. தொட்டிக்கு எட்டினாலும் டியூப் சரியாகப் பருக்காமல் தண்ணீர் சன்னமாக வந்தது. அதைக் கையால் இழுத்து இழுத்து நீட்டினேன். அதுதான் அதற்குக் கெடுதல். மூன்றாம் மாதம் குழாய்ப் பக்கத்து முனையில் உள் டியூப் கிழிந்து, உறை முழுக்கத் தண்ணீர் கசிந்தது.

அதே வகை ஹோஸ் ஏற்காட்டில் என் அக்கா வீட்டில் நன்றாக வேலை செய்கிறது. அக்கா வீடு சரிவில் இருக்கிறது. டேங்க் மேல் பக்கம் பாறை மேல், பூச்செடிகள் மூன்று படிக்கட்டு கீழே. உயர வித்தியாசம் 20 மீட்டருக்கு மேல், அதாவது 2 பார். மோட்டார் இல்லாமலே மலைச்சரிவு கொடுக்கிற அழுத்தம் அது. குழாயைத் திறந்தால் ஹோஸ் உயிர் வந்ததுபோல நீண்டு ஓடும்.

எனவே என் தீர்மானம் இது. டேங்குக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் 15 மீட்டருக்குக் குறைவு என்றால் நீளாத துணி ஹோஸ் வாங்குங்கள், அதுவும் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. பிரஷர் பம்ப் வைத்த வீடு, அபார்ட்மென்டில் தரைத்தளம், மலையில் சரிவு வீடு என்றால் நீளும் ஹோஸையும் யோசிக்கலாம்.

வாளியும் கயிறும்

ஹோஸ் மாட்டாமல் குழாயை முழுதாகத் திறந்து, 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று செல்போனில் பாருங்கள். எங்களுக்கு 50 விநாடி. அதாவது 5 விநாடிக்கு ஒரு லிட்டர். இந்தக் கணக்கைக் குறித்து வையுங்கள், தண்ணீர் ஊற்றும்போது உதவும். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிறதென்றால் டேங்கிலிருந்து வரும் லைனில் எங்காவது வால்வு பாதி மூடியிருக்கலாம், அதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்து நீளம். கண்ணளவில் சொல்லாதீர்கள். துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் குழாயில் கட்டி, தூணைச் சுற்றி, படி இறங்கி, ஹோஸ் எந்த வழியில் போகுமோ அந்த வழியிலேயே கடைசித் தொட்டி வரை கொண்டுபோங்கள். பிடித்து நகர்த்த 3 அடி கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது 23 அடி, 25 அடி ஹோஸ் வாங்கினேன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 50 அடி வாங்கினால், அந்தக் கூடுதல் நீளம் முழுக்க உரசி உரசித் தண்ணீர் வேகம் இழக்கும். அழுத்தம் குறைந்த வீட்டில் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியும்.

கடையில் கையில் எடுத்து

பக்கத்து வீட்டு அண்ணன் அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். கிழிந்த ஹோஸைக் காட்டியபோது, உறையைக் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே தள்ளினார். இழைகள் விலகி உள் டியூப் வெள்ளையாகத் தெரிந்தது. “பாவும் ஊடையும் நெருக்கமா இருக்கணும் தங்கச்சி. நகத்துக்கே விலகுதுன்னா சிமென்ட் தரையில எப்படித் தாங்கும்?” என்றார். இரண்டாவது ஹோஸ் வாங்கும்போது அதையே செய்து பார்த்துத்தான் வாங்கினேன். அப்புறம் வீட்டில் முனையில் பிரிந்திருந்த ஓர் இழையை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். உருகிச் சின்ன மணியாகக் கெட்டியானது. பாலியெஸ்டர் அப்படித்தான் உருகும். பருத்தி கலந்திருந்தால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாகும். பருத்தி ஈரத்தில் இற்றுப்போகும், ஹோஸுக்கு ஆகாது.

வெளித் தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். முனையில் உள்ளே பாருங்கள், தண்ணீர் போகும் துவாரம் அரை இஞ்சாவது இருக்கிறதா என்று. முனை கப்ளிங், அதாவது குழாயில் திருகி மாட்டும் பாகம், பித்தளையில் இருந்தால் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் கப்ளிங் நம் மே மாத வெயிலில் வெடித்துவிடும்.

மரை பொருந்துகிறதா

ஹோஸ் நன்றாக இருந்தும் முதல் நாளே தண்ணீர் பீச்சி அடித்தால், பெரும்பாலும் காரணம் மரைதான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் என் பழைய கப்ளிங்கைப் பார்த்ததுமே, “இது நம்ம ஊரு மரை இல்லக்கா” என்றார். நம் குழாய் சாமான்களின் மரை பிரிட்டிஷ் அளவு. இணையத்தில் விற்கும் பல ஹோஸ்களில் அமெரிக்கத் தோட்டக் குழாய் மரை இருக்கிறது. முக்கால் இஞ்சில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இஞ்சுக்கு நம்முடையதில் 14 மரை, அதில் பதினொன்றரை. கையால் திருகினால் ஒன்றரைச் சுற்று சுகமாகப் போய் அப்புறம் கடிக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை வழுக்கிப்போகும். குழாயைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அதற்கேற்ற அடாப்டர் வாங்குங்கள்.

உங்கள் குழாயின் வாயில் மரையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், ரப்பர் உள்ள கிளாம்பு அடாப்டர் கிடைக்கும். அது பாதி நாள் கழன்றுவிடுகிறது. வாசலில் மட்டும் மரையுள்ள குழாய் ஒன்றைப் பிளம்பரை விட்டு மாற்றிவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

இன்னொன்று: கப்ளிங்குக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை அடைப்பது அதுதான். வாஷர் இல்லாமல் டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கசிவு நிற்காது. நான்கைந்து வாஷர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

தண்ணீர் விடும்போது

நீளாத ஹோஸ் என்றால் முறுக்கில்லாமல் தரையில் விரித்துவிட்டுக் குழாயைத் திறங்கள். நீளும் ஹோஸ் என்றால் முனை வால்வை மூடிக்கொண்டு, குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து, ஹோஸ் முழுதாக நீளும் வரை பொறுங்கள். பிறகு முனையைத் திறக்கலாம். சடாரென்று திறந்தால் தண்ணீரின் வேகம் முழுக்க கப்ளிங் பக்கம் டியூபில் விழும்.

வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். 25 அடி அரை இஞ்ச் ஹோஸில் ஒரு லிட்டர் போலத் தண்ணீர் தங்கியிருக்கும். அதை வாளியில் பிடித்துவிட்டு, கைக்குக் குளிர்ச்சி தட்டின பிறகு செடிக்குக் காட்டுங்கள். ஹோஸில் தங்கின தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, குழந்தைகளிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

துளைத் துளையாகப் பீச்சும் ஸ்பிரே கன் குறைந்த அழுத்தத்தில் சொட்டத்தான் சொட்டும். பெரிய துளையுள்ள பூவாளித் தலை போதும். அதுவும் இல்லையென்றால் முனையில் இரண்டு விரலை வைத்துத் தண்ணீரை விரித்துவிடுங்கள், மண் குழியாகாது. எங்கள் கணக்கில் 5 விநாடிக்கு ஒரு லிட்டர் என்பதால், பெரிய தொட்டிக்குப் பத்து எண்ணுகிறேன், சின்னதுக்கு ஐந்து. கீழே துவாரத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் நகர்ந்துவிடுவேன். ஹோஸ் மாட்டினதும் அதன் தடை சேர்ந்து வேகம் கொஞ்சம் குறையும், அதனால் வாளியை ஹோஸ் முனையிலும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சேலத்தில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏற்காட்டில் அக்கா மாலையில் தண்ணீர் விடுவதே இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் பனி இறங்கும் ஊர், இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால் பூஞ்சணம் வந்துவிடும். அங்கே ஹோஸை வேர்ப்பக்கம் தாழப் பிடித்துத்தான் விடவேண்டும்.

பஞ்சகவ்யம், உரக் கரைசல் வைத்திருக்கிற டிரம்முக்குள் ஹோஸ் முனையை முக்கி வைக்காதீர்கள். டேங்க் காலியாகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்க்குள் பின்னால் உறிஞ்சப்பட இடமுண்டு.

வடிப்பதும் மாட்டி வைப்பதும்

முதலில் குழாயை மூடுங்கள், பிறகு முனையைத் திறந்து தண்ணீர் முழுக்க வடியட்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முனையை மூடிவிட்டுக் குழாயைத் திறந்தபடி மதியம் முழுக்க விட்டுவைப்பதுதான் துணி ஹோஸ் வெடிக்கும் பெரிய காரணம். நீளும் வகை தானே சுருங்கும். நீளாத வகையைக் குழாய்ப் பக்கத்திலிருந்து தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டே நடந்தால் தண்ணீர் கீழ்முனையில் இறங்கிவிடும். ஈரத்தோடு பக்கெட்டில் அமுக்கி வைத்தால் உறை கறுத்துப் பாசி வாடை அடிக்கும். வெயில் படாத சுவரில், வளைவான பிடியில் மாட்டுங்கள். ஆணியில் மாட்டினால் மடிப்பு விழும். தரையில் வைக்காததற்கு இன்னொரு காரணம் எலி.

எங்கள் டேங்க் தண்ணீருக்குப் பூவாளித் தலையில் வெள்ளையாக உப்பு படியும். மாதம் ஒரு முறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும்.

காகிதப்பூ முள் குத்தி ஹோஸில் ஓட்டை விழுந்தால் டேப் சுற்றிப் பிரயோஜனம் இல்லை. நீளும் வகையில் ஒட்டுப்போட்டது நிலைக்காது. நீளாத வகையில் ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, துணியின் வெட்டுமுனையை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டுங்கள், இழை உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. டியூபில் சூடு படாமல் உறையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு செய்யவேண்டும். பிறகு அரை இஞ்ச் ஜாயின்டரை இரண்டு பக்கமும் நுழைத்து, கிளாம்பு போட்டு ஸ்குரூ டிரைவரால் முடுக்குங்கள். எங்கள் ஹோஸில் அப்படி ஒரு ஜாயின்ட் நடுவில் இருக்கிறது. நீளம் அரையடி குறைந்தது, கடைசித் தொட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன்.