மணிக்கட்டு எலும்பு முறிந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து கட்டுப் பிரிக்கும் நாள்வரை

துணி துவைத்த ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்தார். விழும்போது உள்ளங்கையை ஊன்றியதில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு) முறிந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அடிக்கடி காணப்படும் முறிவு இது. கட்டு இருந்த ஆறு வாரமும் அவருடன் இருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாகவே கூடுகிறது. அது கூடும்வரை நேராக, அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே கட்டின் வேலை.

படி 1: முதல் ஒரு மணி நேரம்

அடிபட்ட கையிலுள்ள மோதிரத்தையும் வளையல்களையும் உடனே கழற்றுங்கள். அம்மா மோதிரத்தைக் கழற்ற மனமில்லாமல் இருந்தார். அரை மணி நேரத்தில் விரல் வீங்கி, சோப்பு நுரை தடவி உருவ வேண்டியதாயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருப்பார்கள்.

கனமான அட்டையைக் கைக்கு அடியில் கொடுத்துத் துண்டால் தளர்வாகக் கட்டி, கழுத்தில் தூளி போட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்ணெய் தடவி நீவாதீர்கள், இழுத்து நேராக்காதீர்கள். முறிந்த முனை பக்கத்திலுள்ள நரம்பையோ இரத்தக் குழாயையோ கிழித்துவிடலாம். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கிளம்புங்கள். கிருமி புகுந்த முறிவு கூடுவது மிகக் கடினம்.

படி 2: முதல் இரண்டு நாள்

எல்லாப் படிகளிலும் அதிகக் கவனம் கேட்பது இதுவே. முறிந்த இடத்தில் கசிந்த இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கும். உடல் அந்த உறைவைச் சுற்றித்தான் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்குகிறது. வீக்கமும் வலியும் அதன் பகுதி. ஆனால் இறுகிய கட்டுக்குள் வீக்கம் கூடினால், தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும்.

கையைத் தலையணைமேல் நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைத்திருங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, விரலை மெல்ல நீட்டிவிடும்போது உயிர் போகிற வலி எடுத்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். பிறகு கை மடங்கியபடியே நின்றுவிடலாம். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டு வைத்தியத்தில் நான் அஞ்சுவது இதைத்தான். குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு அப்படிக் கட்டவே கட்டாதீர்கள்.

மாவு முழுதாக உலர ஒன்றிரண்டு நாளாகும். அதுவரை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, உள்ளே புண்ணாகும்.

படி 3: இரண்டாவது, மூன்றாவது வாரம்

இரத்த உறைவு இருந்த இடத்தில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்து ஒரு மெல்லிய பாலம் உருவாகிறது. எக்ஸ்ரேயில் இது தெரியாது. "ஒன்றுமே கூடவில்லையே" என்று அம்மா கலங்கியது இந்த நாட்களில்தான். வீக்கம் வடிந்து கட்டு தளர்வதால் எலும்பு விலகவும் வாய்ப்புண்டு. மருத்துவர் சொன்ன நாளில் மறு எக்ஸ்ரே எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டுக்கு வெளியே உள்ள விரல்களையும் முழங்கையையும் தோளையும் தினமும் அசைக்க வேண்டும். பயந்து தோளை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு, மணிக்கட்டு கூடிய பிறகும் கையைத் தூக்க முடியாமல் போகிறது.

படி 4: சாப்பாடும் பழக்கமும்

ஆட்டுக்கால் சூப் எலும்பைக் கூட்டும் என்று பக்கத்து வீட்டு அத்தை தினமும் கொடுத்தனுப்பினார். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவை நல்லவை. புரதத்துக்கு முட்டையோ பருப்போ தினமும் வேண்டும். பிரண்டைத் துவையல் பிடித்தால் சாப்பிடுங்கள், அதையே மருந்தாக நம்பியிருக்க வேண்டாம். வைட்டமின் டி குறைவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகிறது. சில சமயம் கூடாமலே போகிறது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அப்படியே. வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

படி 5: ஆறாவது வாரம்

மென்பாலத்தில் கால்சியம் படிந்து கெட்டிப்பட்டிருக்கும். அம்மாவின் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மங்கி, சுற்றிலும் வெண்மையான புடைப்பு தெரிந்தது. எல்லா எலும்புக்கும் ஆறு வாரம் என்று எண்ணிவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். குழந்தைகளுக்கு வேகமாகக் கூடும்.

கட்டை வெட்டும் கருவி சத்தம் போடும். அதன் பல் சுழல்வதில்லை, அதிர்கிறது. அதனால் தோலை அறுக்காது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உள்ளே கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருக்கும். அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, மணிக்கட்டை மேலும் கீழும் மெல்ல மடக்குவதில் தொடங்கினோம். அடுத்து நனைந்த கைக்குட்டையைப் பிழிவது, பிறகு சப்பாத்தி மாவு பிசைவது. குடத்தைத் தூக்க மூன்று மாதம் ஆயிற்று. எலும்பிலிருந்த புடைப்பை உடல் இன்னும் இழைத்துக்கொண்டிருக்கிறது. அது முழுதாகச் சீராக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.