டெல்ஃபீனைக் கொன்றால் கதை சரியாகிவிடுமா? ஸ்கைரிமின் கதையைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கைரிம் என்ற கேம் வெளிவந்தது 2011 நவம்பர் 11-ல். அடுத்த பிப்ரவரியிலேயே பெதஸ்டா நிறுவனம் கேமை மாற்றியமைக்க உதவும் கிரியேஷன் கிட் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தது. அன்றிலிருந்து அந்த கேமின் மையக் கதையைத் திருத்த ரசிகர்கள் மாட்கள் (கேமை மாற்றும் கோப்புகள்) செய்துகொண்டே இருக்கிறார்கள். பல பாதியில் நின்றுபோகின்றன. முடிந்தவற்றிலும் சில, பழைய ஓட்டையை அடைத்த கையோடு பக்கத்திலேயே புதிதாக ஒன்றைப் போட்டுவிடுகின்றன.

எழுதத் தெரியாதவர்கள் செய்வதால் இப்படி ஆவதில்லை. நாவலைத் திருத்துவது போலவே கேமையும் திருத்தலாம் என்று நினைப்பதுதான் கோளாறு. கேமில் பாதிக் கதை வசனத்தில் இருக்கிறது, மீதிப் பாதி நிபந்தனைகளில் இருக்கிறது. யார் உயிரோடு இருக்கிறார், எந்த குவெஸ்ட் (ஆடுபவருக்குத் தரப்படும் பணி) எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஆடுபவர் முன்பு என்ன செய்தார் என்பதைப் பார்த்துத்தான் பாத்திரங்கள் வாய் திறக்கின்றன. ஸ்கைரிமின் மையக் கதை சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பாதியில் இருக்கின்றன. (கதையின் முடிவு வரை இங்கே பேசப்படுகிறது. இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டுப் படிப்பது நல்லது.)

உடைந்த இடத்தைத் தேடாமல் எழுத உட்காருவது

முதல் வேலை, மையக் கதையை ஒருமுறை குறிப்பேட்டுடன் ஆடி முடிப்பது. ஒவ்வொரு குவெஸ்டுக்கும் இரண்டு வரி போதும். இந்த இடத்தில் ஆடுபவருக்கு என்ன தெரியும்? கேம் அவரை என்ன செய்யச் சொல்கிறது? இரண்டும் ஒட்டாத இடத்தில் சிவப்பு மையால் குறியிடுங்கள்.

எல்ஃப் ஆட்சியாளர்களான தால்மோரின் தூதரகத்துக்குள் நுழையும் குவெஸ்டைப் பாருங்கள். டிராகன்கள் திரும்பி வந்ததற்குப் பின்னால் தால்மோர் இருக்கலாம் என்று, டிராகன்களை வேட்டையாடிய பழைய பிளேட்ஸ் படையில் எஞ்சியிருக்கும் டெல்ஃபீன் சந்தேகப்படுகிறாள். அதற்குச் சற்று முன்புதான் கைன்ஸ்குரோவ் என்ற ஊரில், கதையின் வில்லனான கருப்பு டிராகன் ஆல்டுயின் இன்னொரு டிராகனைப் புதைகுழியிலிருந்து எழுப்பியதை அவளும் ஆடுபவரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள். அந்த குவெஸ்டைத் தூக்கிவிடலாம் என்று உடனே தோன்றும். தூக்கக் கூடாது. அவளுடைய பழைய படைத்தோழர் எஸ்பர்ன் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரியவருகிறது. விருந்துக்குள் வேடம் போட்டு நுழையும் அந்தக் காட்சி கேமின் நல்ல காட்சிகளில் ஒன்றும்கூட. குறை என்னவென்றால், “எழுப்பியது அந்தக் கருப்பு டிராகன்தானே, தால்மோர் எங்கே வந்தார்கள்?” என்று கேட்க ஆடுபவருக்கு வழி இல்லை. ஒரு கேள்வி, அதற்கு டெல்ஃபீனிடமிருந்து இரண்டு வரிப் பதில். திருத்தம் அவ்வளவுதான்.

மூன்றாவது வழி இல்லாத இடத்தில் கத்தியை நீட்டுவது

ஸ்கைரிமில் அதிகம் பேரைக் கோபப்படுத்திய இடம் பார்தர்நாக்ஸ் என்ற டிராகனைப் பற்றியது. பழைய டிராகன் போரில் ஆல்டுயின் பக்கம் நின்று கொடுமைகள் செய்தவர், பிறகு மனம் மாறி மனிதர்களுக்குக் குரல் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர். உலகின் தொண்டை எனப்படும் மலையுச்சியில் தவம் போல வாழ்கிறார், கிரேபியர்ட்ஸ் துறவிகளுக்கு அவரே தலைவர். அவர் யார் என்று தெரிந்ததும் டெல்ஃபீனும் எஸ்பர்னும் ஆடுபவரிடம், “அவரைக் கொன்றுவிட்டு வா, அதுவரை எங்களிடமிருந்து உதவி கிடையாது” என்கிறார்கள். கொல்லலாம், அல்லது அந்த குவெஸ்டை அப்படியே போட்டுவிடலாம். வாதாட வழியே கிடையாது.

இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் மூன்று விதமாகத் தவறுகிறார்கள்.

ஒன்று, டெல்ஃபீனைக் கொல்ல அனுமதிப்பது. முக்கியப் பாத்திரங்கள் சாகாதபடி அவர்கள் மேல் ‘எசென்ஷியல்’ என்ற குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் அவளை வெட்டலாம், ஒரு நிமிடம் மனதுக்கு நிறைவாகவும் இருக்கும். ஆனால் ரிவர்வுட் விடுதியிலிருந்து ஸ்கை ஹேவன் கோயில் வரை பல குவெஸ்டுகளில் அவள் ஓர் ‘அலியாஸ்’, அதாவது கதை நிரப்பி வைத்திருக்கும் இடம். அவள் செத்தால் அந்த இடம் பேசாது, குவெஸ்ட் நகராது. குறியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அவளுக்கு வேலை இருக்கும் கடைசி குவெஸ்ட் முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் வழியாக எடுங்கள்.

இரண்டு, ஒரே ஒரு பேச்சுத்திறன் சோதனையை வைப்பது. புள்ளி போதுமென்றால் டெல்ஃபீன் தலையாட்டிவிடுகிறாள். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பகையை ஓர் எண் தீர்த்துவிட்டால், அந்தப் பகையை யார் நம்புவார்கள்?

மூன்று, பார்தர்நாக்ஸை மாசற்றவராக மாற்றிவிடுவது. பழைய குற்றங்கள் வேறு யாரோ செய்தவை என்று புதிய ஏடு ஒன்றைக் கண்டெடுக்கச் செய்வார்கள். இது மற்ற இரண்டையும்விட மோசம். பிறந்த குணத்தோடு நாள்தோறும் போராடி நல்லவராக இருக்கிறார் என்பதில்தான் அவருடைய கனமே இருக்கிறது.

கதைக்குள்ளேயே சாட்சிகள் கிடக்கின்றன, எடுத்துப் பயன்படுத்தினால் போதும். மலையுச்சிச் சண்டையில் பார்தர்நாக்ஸ் ஆல்டுயினை எதிர்த்துப் போரிட்டதை ஆடுபவர் கண்ணால் பார்த்தார். அவருடைய கடந்த காலத்தைப் பற்றி கிரேபியர்ட்ஸ் துறவி ஆர்ன்கியரிடம் பேசியிருக்கலாம். ஆல்டுயின் ஒழிந்த பிறகு, பார்தர்நாக்ஸ் மற்ற டிராகன்களுக்கும் குரல் நெறியைக் கற்பிக்கப் போவதாகச் சொல்லிப் பறந்து போகிறார். இந்த மூன்றையும் மூன்று நிபந்தனைகளாக வையுங்கள். ஒன்று மட்டும் நிறைவேறியிருந்தால் டெல்ஃபீன் “இப்போதைக்குப் பொறுக்கிறேன்” என்கிறாள். இரண்டு இருந்தால் எஸ்பர்ன் இளகுகிறார், டெல்ஃபீன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூன்றும் இருந்தால் ஏற்கிறார்கள், ஆனால் வாழ்த்துவதில்லை. மொத்தம் 12 முதல் 15 புதிய வரிகள் போதும். இது இப்படி ஒலிக்கலாம்:

“எத்தனை பேரை எரித்தான் என்று ஏட்டில் இருக்கிறது. படித்துக் காட்டட்டுமா?”

“காட்டுங்கள். அவரே இல்லை என்று சொல்லவில்லையே. ஆனால் மலையுச்சியில் என் முன்னால் நின்று ஆல்டுயினின் தீயை வாங்கியவரும் அவர்தான். அது உங்கள் ஏட்டில் இருக்கிறதா?”

“...இல்லை.”

“அப்படியென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.”

எஸ்பர்ன் ஏடுகளின் காவலர். அவரை எதிர்வாதத்தால் வெல்வதைவிட அவருடைய தொழிலின் வழியாகவே இளக்குவது இயல்பாக இருக்கும். சமாதானம் ஆன பிறகு, பிளேட்ஸ் படைக்கு மூன்று பேரைச் சேர்க்கும் குவெஸ்ட் மீண்டும் திறக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். பலர் சமாதானக் காட்சியை அழகாக எழுதிவிட்டு இந்தக் கதவைப் பூட்டியபடியே விட்டுவிடுகிறார்கள்.

அவசரத்தைக் கடிகாரத்தால் திணிப்பது

உலகம் அழியப் போகிறது என்கிறார்கள், ஆடுபவரோ மூன்று மாதம் முட்டைகோஸ் பறித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்கச் சிலர் காலக்கெடு வைக்கிறார்கள்: பத்து நாளில் போகாவிட்டால் ஊர் எரியும். சுற்றித் திரிவதற்காகவே ஆடப்படும் கேமில் சுற்றித் திரிவதைத் தண்டிப்பது நியாயமில்லை.

காத்திருக்கக் காரணம் கொடுப்பது மேல். தூதரக விருந்துக்கு அழைப்பிதழ் ஏற்பாடு செய்ய டெல்ஃபீனுக்கு மூன்று நாள் ஆகும் என்று வையுங்கள். கேம் நேரத்தில் 72 மணி கழித்து ஒருமுறை விழிக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரே வரியில் பதிவு செய்யலாம். ஸ்கைரிமின் இயல்பான கால வேகம் 20 மடங்கு என்பதால், அது நிஜத்தில் 3 மணி 36 நிமிட ஆட்டம். பொறுமை இல்லாதவர் விடுதியில் தூங்கி நகர்த்திக்கொள்வார். மற்றவர்கள் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஊர் சுற்றுவார்கள். இப்படி மூன்று, நான்கு இடைவெளிகள் வைத்தால் கதையின் மூச்சே மாறிவிடும்.

குறையைப் பக்கம் பக்கமாக விளக்கி மறைப்பது

ஆல்டுயின் வலுவில்லாத வில்லன் என்பது பழைய புகார். அதற்கு மருந்தாக அவனுடைய இளமைக்காலத்தை எட்டு ஏடுகளில் எழுதி வைப்பது பயன் தராது. ஏட்டைத் திறக்காமலே ஆடி முடிப்பவர்கள் உண்டு. ஹெல்கன், கைன்ஸ்குரோவ், மலையுச்சி, இறந்த வீரர்களின் உலகான சோவன்கார்ட் என்று அவன் தோன்றும் காட்சிகள் கைவிரலில் அடங்கும். அந்தக் காட்சிகளுக்குள் வேலை செய்யுங்கள்.

கேமே ஓரிடத்தில் இதை அருமையாகச் செய்திருக்கிறது. உள்நாட்டுப் போரில் பேரரசின் பக்கம் நின்று கிளர்ச்சித் தலைவர் உல்ஃப்ரிக்கைக் கொன்றுவிட்டுப் பிறகு சோவன்கார்டுக்குப் போனால், அந்தப் பனிமூட்டத்தில் உல்ஃப்ரிக்கே எதிரில் வருகிறார். ‘இவர் இறந்துவிட்டாரா’ என்ற ஒரு நிபந்தனை, சில வரிகள். எந்த ஏடும் தராத அதிர்வை அது தருகிறது. திருத்துபவர் தேட வேண்டியது இத்தகைய இடங்களை.

சேர்ப்பதைவிட நீக்குவது பலன் தருவதும் உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற கேமின் 2013 மறுபிறப்புக் கதையில் தூது போய் வரும் குவெஸ்டுகள் மிகுதி. 2020 ஆகஸ்டில் வந்த 5.3 திருத்தத்தில் அவற்றில் பலவற்றை நீக்கியும் சுருக்கியும் ஓட்டத்தைச் சீராக்கினார்கள். அந்த உலகம் அதனால் எதையும் இழக்கவில்லை. டிவினிட்டி ஒரிஜினல் சின் 2-க்கு 2018 ஆகஸ்டில் வந்த திருத்திய பதிப்பிலோ ஆர்க்ஸ் நகரப் பகுதியோடு குவெஸ்ட் குறிப்பேட்டையும் திருத்தினார்கள். குறிப்பேடு குழப்பினால் நல்ல கதையும் ஓட்டைக் கதை போலத் தெரியும். மாட் செய்பவர்கள் இதைக் கடைசியில் அவசரமாக எழுதுகிறார்கள், அது தவறு.

கருவியின் குணம் தெரியாமல் கதையைக் கெடுப்பது

நன்றாக எழுதியும் இங்கே கவிழ்ந்தவர்கள் அதிகம், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மூலக் குவெஸ்டுக்குள் புதிய அலியாஸைச் செருகாதீர்கள். குவெஸ்ட் தொடங்கும் நொடியில்தான் அலியாஸ்கள் நிரம்புகின்றன. பழைய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) வைத்திருப்பவரிடம் உங்களுடையது காலியாகவே இருக்கும். ஸ்கிரிப்டின் பிராப்பர்ட்டி மதிப்புகளும் அப்படித்தான், ஒருமுறை சேவில் பதிந்தால் நீங்கள் பிளகினில் (உங்கள் மாட் கோப்பில்) மாற்றியது அங்கே எட்டாது. புதிய கதையைத் தனிக் குவெஸ்டாகச் செய்து, மூலக் குவெஸ்டின் கட்டத்தை நிபந்தனையால் எட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. கட்டங்களுக்கு 10, 20, 30 என்று இடம் விட்டு எண் கொடுங்கள். நடுவில் ஒன்று செருகும் நாள் கட்டாயம் வரும்.

பழைய வரி பிடிக்கவில்லை என்றால் அழிக்காதீர்கள். அதன் மேல் ஒரு நிபந்தனையைப் போட்டு வாயை மூடுங்கள். அழித்த பதிவை இன்னொரு மாட் தொட முயன்றால் கேம் கவிழலாம். ஒரே பதிவை இரண்டு மாட்கள் மாற்றினால் கடைசியில் ஏறியதே முழுதாக வெல்லும் என்பதால், வெளியிடும் முன் எக்ஸ்எடிட் என்ற கருவியில் திறந்து, நீங்கள் அறியாமல் தொட்ட பதிவுகளை நீக்குங்கள்.

கேம் தொடங்கும்போதே ஓடும் குவெஸ்டில் வசனம் இருந்தால் அதற்கு ‘செக்’ கோப்பு உருவாக்க வேண்டும். மறந்தால், ஒருமுறை சேவ் செய்து மீண்டும் ஏற்றும் வரை புதிய வசனம் தோன்றாது. செய்தவரின் கணினியில் எல்லாம் சரியாக இருக்கும், மற்றவர்கள் “ஒன்றும் வரவில்லையே” என்பார்கள்.

குரல் இல்லாத வரி கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்துவிடும். ‘ஃபஸ் ரோ டோ’ என்ற மாட் எழுத்தின் நீளத்துக்கேற்ப அதை நிறுத்தி வைக்கும். ஆனால் எல்லோரும் பேசும் உலகில் ஒருத்தி மட்டும் ஊமையாவது கதையை உடைக்கிறது. ஏற்கெனவே உள்ள குரல் பதிவுகளை வெட்டி ஒட்டுவது ஒரு வழி, அதற்காக வரிகளையே மாற்றி எழுத நேரும். நடிகரின் குரலை அவர் சம்மதமின்றி இயந்திரத்தால் நகலெடுப்பது வேண்டவே வேண்டாம். அது அவருடைய பிழைப்பு. குரல் தேவைப்படாத வடிவத்துக்கு மாற்றுங்கள்: டெல்ஃபீன் ஒரு கடிதம் விட்டுப் போகட்டும். அவள் முதன்முதலில் ஆடுபவரைத் தொடர்புகொள்வதே ஒரு துண்டுச் சீட்டால்தானே.

குறுக்கு வழியில் சோதிப்பது

கேமின் கட்டளைப் பெட்டியான கன்சோலில் ‘செட்ஸ்டேஜ்’ கட்டளை கொடுத்து நேராகக் கடைசிக் காட்சிக்குத் தாவுவது எல்லோருக்கும் பழக்கம். நடுக் கட்டங்களின் ஸ்கிரிப்ட் அப்போது ஓடுவதில்லை, ஆகவே பிழைகளும் எட்டிப் பார்ப்பதில்லை. குறைந்தது நான்கு சேவ்கள் தேவை: புதிய ஆட்டம், பார்தர்நாக்ஸைச் சந்திக்கும் முன், கொலைக் கட்டளை வாங்கிய பின், அவரை ஏற்கெனவே கொன்றுவிட்ட ஆட்டம்.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் ஆர்ன்கியர் ஆடுபவரோடு பேச மறுப்பார். அங்கே உங்கள் சமாதான வசனம் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். தலைகாட்டினால் ‘இறந்துவிட்டாரா’ நிபந்தனையை விட்டுவிட்டீர்கள். போய்ப் போட்டுவிட்டு, நான்கு சேவையும் முதலிலிருந்து மறுபடி ஆடுங்கள்.