ஃபேர்ஃபாக்ஸ் ஸ்கூல்ஸ் பத்தி சண்டை போடறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

அமெரிக்காவுல வர்ஜீனியா ஸ்டேட்டோட ஃபேர்ஃபாக்ஸ்ல நம்ம ஆளுங்க நாலு பேர் பாட்லக்ல (ஆளுக்கு ஒண்ணு சமைச்சு கொண்டு வர்ற விருந்து) உக்காந்தா அரை மணி நேரத்துல பேச்சு ஸ்கூலுக்கு வந்துரும், எந்த ஸ்கூலோட பவுண்டரிக்குள்ள வீடு வாங்கினீங்க, அந்த ஸ்கூலுக்கு வெப்சைட்ல பத்துக்கு ரேட்டிங் எட்டா ஒன்பதா, டிஜேல, அதாவது போட்டி போட்டு சேர்ற தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல்ல, நம்ம பசங்க சீட்டை குறைச்சுட்டாங்களேன்னு. அப்பறம் ஒரே சத்தம்தான். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டில கிட்டத்தட்ட 1,80,000 பசங்க படிக்கிறாங்க, இவ்ளோ பெரிய பப்ளிக் ஸ்கூல் சிஸ்டத்தை நல்லது மோசம்னு ஒரே வார்த்தைல முடிக்க முடியாது. வாதாடறதுன்னா உருப்படியா வாதாடலாம்.

முதல்ல, ரேட்டிங் நம்பரை வச்சு ஆரம்பிக்காதீங்க. அதுல பெரிய பங்கு ஸ்டேட் டெஸ்ட் மார்க்தான், இங்க வர்ஜீனியாவுல எஸ்ஓஎல், 3ம் கிளாஸ்ல இருந்து 8 வரைக்கும் வருஷா வருஷம் ரீடிங்கும் மேத்ஸும் உண்டு. அந்த பாஸ் பர்சன்டேஜ் வீட்டு வருமானத்தை ஒட்டியே ஏறி இறங்கும். மெக்லீன்ல பெரிய பெரிய வீட்டுக்கு நடுவுல இருக்கற லாங்லி ஹைஸ்கூலையும், இங்கிலீஷ் இப்பதான் கத்துக்கற பசங்க நிறைய இருக்கற ஜஸ்டிஸ் ஹைஸ்கூலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மார்க்கை பாத்தா, எந்த ஊர்ல யாருக்கு வீடு வாங்க முடியும்னு தெரியுமே தவிர எந்த டீச்சர் நல்லா சொல்லித்தராங்கன்னு தெரியாது.

அதுக்கு பதிலா ஸ்டேட் நடத்தற ஸ்கூல் குவாலிட்டி ப்ரொஃபைல்ஸ் சைட்டை திறங்க. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ரிசல்ட்டை குரூப் குரூப்பா பிரிச்சு போட்டிருப்பாங்க, ஏழை வீட்டுப் பசங்க, இங்கிலீஷ் கத்துக்கறவங்க, ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்கன்னு. ரெண்டு ஸ்கூலை ஒப்பிடணும்னா ஒரே குரூப்பை ரெண்டு இடத்துலயும் பாருங்க. அந்த குரூப்ல எத்தனை பசங்கன்னும் பாத்துக்கோங்க, இருவது பேர்தான்னா ரெண்டு பசங்க ஃபெயில் ஆனாலே பத்து சதவீதம் சரிஞ்சுரும். லீவு கணக்கும் அங்கயே இருக்கு, பத்துல ஒரு நாள், அதாவது 180 நாள்ல 18 நாள் வராம இருந்தா க்ரானிக் ஆப்சென்ட்னு எண்ணுவாங்க. என்னைக் கேட்டா ரேட்டிங்கை விட இந்த நம்பர்தான் ஒரு ஸ்கூலோட நிலைமையை சீக்கிரம் காட்டும்.

அடுத்து டிஜே. இதுலதான் எல்லாருக்கும் பிபி ஏறும். 2020 கடைசில ஸ்கூல் போர்டு என்ட்ரன்ஸ் டெஸ்டையும் 100 டாலர் ஃபீஸையும் எடுத்துட்டு, ஒவ்வொரு மிடில் ஸ்கூலுக்கும் அதோட 8ம் கிளாஸ்ல 1.5 சதவீதம்னு சீட் ஒதுக்குச்சு. மறுவருஷம் ஏசியன் பசங்களுக்கு போன ஆஃபர் 73 சதவீதத்துல இருந்து 54க்கு வந்துச்சு. ஏழை வீட்டுப் பசங்க ஒரு சதவீதத்துக்கும் கீழ இருந்தவங்க 25 சதவீதம் ஆனாங்க. ரெண்டுமே உண்மைதான், ஒருத்தர் முதல் நம்பரை மட்டும் சொல்லுவார் இன்னொருத்தர் ரெண்டாவதை மட்டும் சொல்லுவார், அதனாலதான் சண்டை ஓயவே மாட்டேங்குது. நீங்க கேக்க வேண்டியது எதோட ஒப்பிட்டு இந்த சதவீதம்னு. முந்தின வருஷத்தோட பாத்தா பெரிய இறக்கம். அப்ளை பண்ணவங்களோட பாத்தா, அதுல ஏசியன் பசங்க பாதிக்குக் கொஞ்சம் கீழதான், ஆஃபர்ல பாதிக்கு மேல. இந்த மாத்தத்தை எதிர்த்து பெத்தவங்க போட்ட கேஸ்ல, 2022ல டிஸ்ட்ரிக்ட் கோர்ட் ஸ்கூல் போர்டுக்கு எதிரா தீர்ப்பு சொன்னதும், 2023ல அப்பீல் கோர்ட் ரெண்டுக்கு ஒண்ணுன்னு அதை மாத்தினதும் இந்த ஒப்பீட்டை சுத்திதான் நிறைய. 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்க மாட்டேன்னுடுச்சு. "மெரிட் போச்சு"ன்னோ "உங்களுக்கு கோச்சிங் பணம் இருக்கு"ன்னோ ஆரம்பிச்சா அங்கயே பேச்சு முடிஞ்சுரும், எந்த வழில எடுத்தா எந்த பசங்க விட்டுப்போறாங்கன்னு கேட்டா மேல பேசலாம்.

பணத்தைப் பத்தி பேசறவங்க பாதி பேர் தப்பான கதவைத் தட்டறாங்க. இங்க ஸ்கூல் போர்டுக்கு வரி போடற அதிகாரமே கிடையாது, பணம் கவுண்டியை நிர்வாகம் பண்ற சூப்பர்வைசர்ஸ் போர்டு கைல இருக்கு, கவுண்டி ஜெனரல் ஃபண்ட்ல பாதிக்கு மேல ஸ்கூலுக்குத்தான் போகுது. ஸ்டேட் பங்கும் கம்மி, 2023ல வர்ஜீனியா சட்டசபையோட ஆய்வுக்குழு ஜேலார்க்கே சொல்லிச்சு, மத்த ஸ்டேட்ல ஒரு மாணவனுக்கு ஸ்கூலுக்கு வர்ற மொத்தப் பணம் சராசரியா வர்ஜீனியாவை விட 14 சதவீதம் ஜாஸ்தின்னு. அதனால டீச்சர் சம்பளம்னா சூப்பர்வைசர்ஸையும் ஸ்டேட் தலைநகர் ரிச்மண்ட்ல இருக்கற உங்க டெலிகேட்டையும் (சட்டசபை உறுப்பினர்) கேளுங்க, பவுண்டரி, அட்மிஷன், எந்த ஸ்கூலுக்கு எத்தனை ஸ்டாஃப்னா ஸ்கூல் போர்டு. ஸ்கூல் சிஸ்டத்தை நடத்தற சூப்பரின்டெண்டென்ட்டோட பட்ஜெட் ஜனவரி வாக்குல வெளிய வரும், மே மாசம் போய் கத்தினா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பேச ரெண்டு மூணு நிமிஷம்தான் தருவாங்க, எழுதி வச்சு படிச்சுப் பாத்துட்டு போங்க. ஒரே ஒரு கோரிக்கை போதும். "என் பையன்"னு ஒரு வரி சொல்லலாம், அதுக்கு மேல உங்க பையன் க்ளாஸ்ல இல்லாத பிள்ளைக்கும் பொருந்தற மாதிரி கேளுங்க. இதை சொன்னா நம்மாளுங்களுக்கு கோவம் வரும், ஆனா ஏஏபில, அதாவது நல்லா படிக்கற பசங்களுக்கான அட்வான்ஸ்ட் ப்ரோக்ராம்ல, கை வச்சா மட்டும் கூட்டமா வரோம், இங்கிலீஷ் கத்துக்கற பசங்களுக்கு டீச்சர் பத்தலைன்னா நம்ம வரிசைல ஒரு நாற்காலிகூட நிரம்ப மாட்டேங்குது, போர்டுல உக்காந்திருக்கறவங்க இதை கவனிக்காம இல்ல. பேச முடியலைன்னா மெயில் போடுங்க. ஸ்கூல் போர்டுல இருக்கற 12 பேர்ல உங்க ஏரியாவுக்கு ஒருத்தர், கவுண்டி முழுசுக்கும் மூணு பேர், ஆக நாலு பேர் உங்க ஓட்டுக்கு பதில் சொல்ல வேண்டியவங்க, நாலு பேருக்கும் தனித்தனியா அனுப்புங்க.