ஜனவரி 1 முதல் சித்திரை 1 வரை: உடம்புக்கு ஓர் இலக்கு

வருடம் முழுவதுக்கும் சேர்த்து இலக்கு வைக்காதீர்கள். ஜனவரி 1-இல் தொடங்கி சித்திரை 1 வரைக்கும் வையுங்கள், மூன்றரை மாதம் போதும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய கடந்த மூன்று மாத சர்க்கரையின் சராசரியைத்தான் காட்டும். இப்போது ஒரு தடவை, தமிழ்ப் புத்தாண்டு சமயத்தில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால், பட்ட பாட்டுக்குப் பலன் இருக்கிறதா என்பது ரிப்போர்ட்டிலேயே தெரிந்துவிடும். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ம் அதற்கு மேலும் என்றால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும், நடுவில் இருப்பவர்கள்தான் இந்த மூன்றரை மாதத்தை மிகவும் மதித்துப் பயன்படுத்த வேண்டியவர்கள்.

முதல் வேலை அளப்பது. எடை மெஷினைவிட எனக்கு நம்பிக்கை தையல்காரரின் இஞ்ச் டேப்பில்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளவெடுங்கள், வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. ஒல்லியாகத் தெரிகிற பலருக்கும் தொப்பை மட்டும் இந்த எல்லையைத் தாண்டியிருக்கும், சர்க்கரை வருவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். கூடவே ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

அப்புறம் இலக்கை எழுதுவது. "பத்து கிலோ குறைக்கணும்" என்று எழுதினால் நாளைக் காலை என்ன செய்வது என்று அதில் எதுவுமே இல்லை. "காலை டீ குடித்ததும் செருப்பை மாற்றிக்கொண்டு 30 நிமிடம் நடப்பேன், வாரத்தில் ஐந்து நாள்" என்று எழுதுங்கள். அது 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவு. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, வேகம் அவ்வளவு இருந்தால் சரி. மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளாதவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரைக்கு அது இன்னும் நல்லது.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவையே ஆரம்பத்துக்குப் போதும், ஜிம்முக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. நாற்பது வயது தாண்டிய அம்மாக்கள் இதைத் தயவுசெய்து விடாதீர்கள், நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை, 30 கிராமுக்கு மேல் டீயிலேயே போகிறது. ஒவ்வொரு டீயிலும் அதை ஒரு ஸ்பூனாக்குங்கள், கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும். டீ குடிக்காதவர்கள் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலில் ஒரு கரண்டி கூட்டுங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது பொங்கலில். ஜனவரி 1-இல் ஆரம்பித்து இரண்டே வாரத்தில் ஊருக்குப் போவோம், சர்க்கரைப் பொங்கல், வடை, நாலு நாள் லீவு, திரும்பி வந்தபின் நடை போயே போச்சு. அதனால் பொங்கல் வாரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன இலக்கை இப்போதே எழுதிவிடுங்கள்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், வயல் வரைக்கும் நடந்துவிட்டு வருவது. பொங்கலை ஆசை தீரச் சாப்பிடுங்கள், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களும், நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

நடந்த நாளுக்கெல்லாம் சமையலறை தினசரி காலண்டரில், தாளைக் கிழிக்குமுன் ஒரு டிக். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் சேர்த்து வையுங்கள், சித்திரை 1 அன்று எண்ணிப் பார்க்கலாம்.