கணினியிடம் வாசித்துக் காட்டும் தேர்வு: பிள்ளைகளைப் பழக்கும் விதம்

வகுப்பில் தடங்கலில்லாமல் வாசிக்கிற பையன். கணினித் தேர்வில் பாதி மதிப்பெண்தான் வந்தது. பதிவைப் போட்டுக் கேட்டேன். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணின் குரலோ கணீரென்று கேட்டது. தலையில் ஹெட்செட் மாட்டியிருந்தான், ஆனால் பதிவானது மடிக்கணினியின் சொந்த மைக்கில்!

படி 1: மைக்

ஹெட்செட்டைச் செருகியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணினியின் ஒலி அமைப்பில் (Sound settings) உள்ளீட்டுப் பகுதியை (Input) திறந்துவைத்து, ஹெட்செட் மைக்கின் நுனியை நகத்தால் சுரண்டுங்கள். ஒலியளவுப் பட்டை துள்ள வேண்டும். அடுத்து மடிக்கணினியின் விளிம்பைச் சுரண்டுங்கள். இதற்குத்தான் அதிகம் துள்ளுகிறதென்றால் தவறான மைக் தேர்வாகியிருக்கிறது, மாற்றுங்கள். தேர்வு பிரவுசரில் நடந்தால் அதற்குள்ளும் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனியாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் மாற்றிவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

மைக் வாய்க்கு நேரே இருந்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். புளூடூத் பக்கமே போகாதீர்கள்: மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலும் ஒலித்தரம் இறங்கிவிடும், சார்ஜும் நடுவில் காலை வாரும். கம்பி வைத்த யூஎஸ்பி ஹெட்செட்டுக்குத்தான் என் ஓட்டு.

படி 2: பீப்

எழுத்து திரையில் தெரிந்த நொடியே பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். பதிவு பீப் சத்தத்துக்குப் பிறகுதான் தொடங்கும் என்றால் முதல் இரண்டு சொல் காணாமல் போகும். "பீப், ஒரு மூச்சு, அப்புறம் வாய்" என்று விளையாட்டாகப் பழக்கினேன். செல்போன் ரெக்கார்டரே போதும்.

படி 3: வாசிப்பு

வழக்கமான கணக்கு இது: ஒரு நிமிடத்தில் வாசித்த சொற்களில் பிழைகளைக் கழித்தால் வருவது மதிப்பெண். விட்டுவிட்டாலும் வேறு சொல்லாக வாசித்தாலும் பிழை. உடனே தானே திருத்திக்கொண்டால் பொதுவாகப் பிழையில்லை. ஆகவே திருத்தச் சொல்லுங்கள், ஆனால் வரியின் தலைக்குத் திரும்ப வேண்டாம்.

காகிதத் தேர்வில் பிள்ளை 3 நொடி திணறினால் ஆசிரியரே சொல்லைச் சொல்லி நகர்த்திவிடுவார். கணினி பெரும்பாலும் சும்மா இருக்கும். நம் முகத்தைப் பார்த்துத் தலையசைப்புக்குக் காத்திருந்தே பழகிய பிள்ளைக்கு இதுதான் பெரிய கண்டம். பயிற்சியின்போது நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். திணறினால் பிள்ளை மனசுக்குள் மூன்று எண்ணி, வந்தமட்டும் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவ வேண்டும்.

ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்கவிடுங்கள். 1979-இல் வாசிப்பு ஆய்வாளர் சாமுவேல்ஸ் எழுதிவைத்த பழைய முறைதான், இன்றும் பலிக்கிறது. வேகத்துக்கு ஆங்கில அட்டவணைகளைப் பார்த்துப் பயமுறுத்தாதீர்கள். ஹாஸ்ப்ரூக், டிண்டல் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் இரண்டாம் வகுப்பு ஆண்டிறுதிக்கு நடுமதிப்பு நிமிடத்துக்கு 100 சொல். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே மூச்சில் நீளும் தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பிற்சேர்க்கை: "மெல்லப் பேசும் பிள்ளைக்கு என்ன செய்ய?" என்று சக ஆசிரியை கேட்டார். கத்தச் சொல்லாதீர்கள், உச்சரிப்பு சிதையும். ஒலி அமைப்பில் மைக்கின் உள்ளீட்டு அளவைக் கூட்டுங்கள். பட்டை கடைசிக் கோட்டை முட்டாத அளவுக்கு மட்டும்.