7 கிலோ பையும் ஓர் இனிஷியலும்: முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுக்கு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆறு நாள் மலேசியா போய் வந்தேன். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். அதிலிருந்து "எப்படிப் போனீங்க"ன்னு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதற்காக இந்தப் பதிவு. பாஸ்போர்ட் எடுப்பதை இங்கே விளக்கப்போவதில்லை. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம், எது பக்கமோ அங்கே போய்விட்டு வந்து மேலே படியுங்கள்.

1. தேதியைப் பாருங்கள்

போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

2. பேரைப் பாருங்கள் (நான் மாட்டியது இங்கேதான்)

அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் மட்டும் பேர். நம்ம ஊரில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும், நமக்கு ஏது குடும்பப் பேர்? டிக்கெட் போடும் தளமோ லாஸ்ட் நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. சரி என்று தாத்தா பேரின் முதலெழுத்தைத் தட்டிவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலே கிடையாது, விரித்துத்தான் எழுதியிருக்கும் என்பது கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் உறைத்தது. விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, திருத்தக் கட்டணமும் அழுதேன். சர்நேம் இல்லையென்றால் இரண்டு கட்டத்திலும் ஒரே பேரைப் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். வேறு சில நிறுவனங்கள் வேறு மாதிரி கேட்கும். அதனால் ஊகிக்காதீர்கள், பணம் கட்டும் முன்னால் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் மூன்றிலும் பேர் ஒத்துப்போக வேண்டும்.

துபாய் போகிறவர்களுக்கு இன்னும் கறார். 2022 நவம்பரில் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று அப்புறம் தளர்த்தினார்கள். அடிக்கடி போவதாக இருந்தால் ரீ-இஷ்யூவில் சர்நேம் சேர்த்துவிடுவதே நிம்மதி.

3. வருகை அட்டை

மலேசியாவுக்கு நமக்கு இப்போது முப்பது நாள் வரை விசா வேண்டாம் (2026 முடியும்வரை). ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் இதே மாதிரி உண்டு, மூன்றுமே இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம், உடனே மூடுங்கள். கூகுளில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாமல், மலேசியாவுக்கு ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிற அரசு முகவரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பை

சக்கரப் பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. காலியாகவே மூன்று கிலோ வரும் பெட்டியில், விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகப் பொதுவாக விடும் 7 கிலோவுக்குள் எதை வைப்பது? அதோடு பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கடை வாசல் நடைபாதைகள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மட்டம். ஏற்றி இறக்கியே தோள்பட்டை போய்விடும்.

மூன்று செட் துணி, ஓர் ஈரிழைத் துண்டு. டர்க்கி டவலை அம்மா நான்கு தடவை உள்ளே வைத்தார், நான் நான்கு தடவை எடுத்தேன். பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பையில் கூடாது. அங்கே பிளக் மூன்று தட்டைப் பின், அடாப்டரை ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் விலையைக் கேட்டே ஷாக் அடிக்கும். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவம் என்று பிடுங்கிக்கொள்வார்கள், பருப்புப் பொடி எங்களுக்குப் பிரச்சினையில்லாமல் வந்தது. கசகசாவை மட்டும் தொடவே தொடாதீர்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

5. பணம்

ஏடிஎம்மில் ரூபாயா ரிங்கிட்டா என்று கேட்டால் ரிங்கிட். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்டு.

6. எங்கே போவது

ஆறு நாளில் மூன்று நாடு என்று பேக்கேஜ் விற்பார்கள். நாங்கள் கோலாலம்பூர், பினாங்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், நடுவில் ரயில், கடைசியில் பட்டர்வொர்த்திலிருந்து படகு. பத்துமலையின் 272 படிகளை வெயில் ஏறும் முன் ஏறிவிடுங்கள். ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டி அம்மாவிடம் "எந்த ஊரும்மா?" என்று ஆரம்பித்தார், அன்றைக்குப் போட்டிருந்த மற்ற திட்டமெல்லாம் காலி. ரப்பர் தோட்டத்துக்கு வந்த தன் தாத்தாவின் ஊரைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று எங்களிடமே கேட்டார்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கு விமானமே போய்விட்டது. சென்னையிலிருந்து நிறைய வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்றிருந்தால் 14ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அவர் 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றிருக்கிறார்.